நொதியம் இல்லாத எலிகளும் என் தங்கையும்

1

இதை ஆறுதலாக எழுதவேண்டும் என்று இரண்டு தரம் தொடங்கி, இரண்டு தரமும் கிழித்துப்போட்டேன். ஆறுதல் வரவில்லை. வந்தது கோபம்தான். ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். வாசிக்கப்போகிறவர்களில் என் சொந்தக்காரரும் இருப்பீர்கள். யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்தில் சரவணையிலும் இறுப்பிட்டியிலும் இருக்கிறவர்கள், என்னைப்போல் தீவை விட்டு உலகம் முழுக்கச் சிதறினவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கிழமை என் தங்கை சாந்தினியின் ஆண்டுத் திவசம். இறக்கும்போது அவளுக்கு இருபத்தொரு வயது, எனக்கு இருபத்து நான்கு. இப்போது நான் அறுபதை எட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறேன். டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் மரக்கறி சமைத்து, ஒரு கோப்பையில் சோறு படைத்து, குசினி மேசையில் விளக்கைக் கொளுத்திவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். என் மகள் அபிரா சின்ன வயதில், "ஏன் அம்மா இண்டைக்கு விளக்கு?" என்று கேட்பாள். "விரதம்" என்பேன். படம் வைக்கமாட்டேன். படம் வைத்தால் யார் என்று கேட்பாள். யார் என்று சொன்னால் எப்படிச் செத்தவ என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பம் ஒரு பொய்யை வைத்திருந்தது. ஊர் இன்னொரு பொய்யை வைத்திருந்தது. இரண்டில் எதைச் சொல்வது?

உண்மையை நான் அறிந்தது எலிகளிடமிருந்து.

2

இங்கே நான் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்குக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஆராய்ச்சிக்கான சுண்டெலிகளைப் பார்த்துக்கொள்வது. முதல் பன்னிரண்டு வருடம் அதே கட்டடத்தில் நிலம் துடைத்தேன். பிறகு ஒரு பயிற்சி, ஒரு மொழிச் சோதனை, தோற்று மறுபடியும் ஒரு மொழிச் சோதனை, அதற்குப் பிறகு எலிகள். காலையில் போனதும் குளிக்கவேண்டும். உடுப்பு மாற்றி, தலைக்கும் வாய்க்கும் உறை போட்டுக்கொண்டு உள்ளே போய், ஒவ்வொரு கூடாக இழுத்து மரத்தூள் மாற்றி, தண்ணீர்ப் போத்தல் மாற்றி, தீன் போட்டு, கூட்டின் அட்டையில் கையெழுத்து வைக்கவேண்டும். ஊருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது, "அங்க போய் எலியே மேய்க்கிறாய்?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். எலி எனக்குப் பொய் சொன்னதில்லை.

மூன்றாம் அறையில் மெட்டே என்ற ஆராய்ச்சி மாணவியின் எலிகள் இருந்தன. இடப்பக்க அடுக்கில் சாதாரண எலிகள், வலப்பக்கத்தில் ஏதோ ஒன்றை நீக்கிய எலிகள். அடுக்கையும் அட்டையையும் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். இரண்டும் ஒரே மாதிரி ஓடும், தின்னும், குட்டி போடும். ஒரேயொரு வித்தியாசம்தான் என் கண்ணில் பட்டது. கொழுப்புத் தீன் போட்டால் வலப்பக்கத்து எலிகள் சீக்கிரம் கொழுத்துப்போகும்.

ஒருநாள் மெட்டே வந்து நின்றபோது கேட்டேன். "இவற்றுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை," என்றாள். "அதுதான் இவற்றில் உள்ள விசேஷம்."

அவளுக்கு விளங்கப்படுத்துவதில் விருப்பம். எனக்கும் பள்ளிக்கூடத்தில் உயிரியல் பிடிக்கும், படிப்பை விட்டது என் விருப்பத்தினால் அல்ல. அவள் சொன்னது இதுதான். மனிதருக்கும் எலிக்கும் பொதுவாக ஒரு பரம்பரையலகு, அதாவது ஜீன், இருக்கிறது. அது ஒரு நொதியத்தைச் செய்வதற்கான குறிப்பு. நொதியம் ஈரலில் உண்டாகி ரத்தத்தில் ஓடுகிறது. அதன் பெயர் பியூற்றிரைல்கோலினெஸ்ரரேஸ். டேனிஷில் அதை ஒழுங்காகச் சொல்ல எனக்கு ஒரு கிழமை எடுத்தது. இந்த எலிகளில் அந்தப் பரம்பரையலகை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டார்கள். ஆகவே அவற்றின் ரத்தத்தில் அந்த நொதியம் இல்லை. இல்லாதது அவற்றுக்குத் தெரியவும் தெரியாது.

"அப்படியென்றால் அது எதற்கு?"

"சத்திரசிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்த ஒரு ஊசி போடுவார்கள், தொண்டைக்குள் குழாய் இறக்குவதற்காக. அந்த மருந்தை உடைப்பது இந்த நொதியம்தான். நொதியம் இருக்கிறவருக்குச் சில நிமிடத்தில் மருந்து தீர்ந்துபோகும். இல்லாதவருக்கு மணிக்கணக்காகத் தீராது. மூச்செடுக்கிற தசையும் அசையாது. இந்த எலிகளுக்கும் அப்படித்தான்."

"மனிதரிலும் அப்படி இருக்கிறார்களா?"

"குறைவு. ஆனால் இருக்கிறார்கள். சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கிற சமூகங்களில் கொஞ்சம் கூட இருக்கும். அந்த ஊசி தேவைப்படாவிட்டால் தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுவார்கள்."

நான் கையில் வைத்திருந்த கூட்டை மேசையில் வைத்தேன். என் அம்மாவும் அப்பாவும் மச்சானும் மச்சாளும். அவர்களின் பெற்றோரும் அப்படியே.

"அப்படியான ஒருவருக்குத் தவறுதலாக அந்த ஊசியைப் போட்டுவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டேன்.

மெட்டே தோளைக் குலுக்கினாள். "பெரிதாக ஒன்றும் இல்லை. மூச்சுக் கொடுத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். மருந்து தானாகத் தீரும். அவர் எழும்புவார்."

காத்திருக்கவேண்டும். அவ்வளவுதான். அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தான் என்ன சொன்னாள் என்று தெரியாது. நான் உடுப்பு மாற்றும் அறைக்குப் போய், வாயுறையைக் கழற்றாமலே கதிரையில் இருந்து கத்தினேன். அழுதேன் என்று எழுத எனக்கு விருப்பம். ஆனால் அது அழுகை இல்லை.

3

அப்பாவுக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் பலசரக்குக் கடை இருந்தது. எங்கள் பக்கத்தில் பாதிப்பேருக்கு அப்படித்தான். ஆண்கள் கடையில், நாங்கள் சரவணையில். அந்த வருடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அம்மாவும் நானும் சாந்தினியும் அங்கே போய் நின்றோம். தம்பி சின்னவன், அவனை ஊரில் பெரிய மாமா வீட்டில் விட்டிருந்தோம். போன இரண்டாம் கிழமை சாந்தினிக்கு வயிற்றுக்குத்து. குடல்வால் என்றார்கள். உடனே வெட்டவேண்டும் என்றார்கள். ஒரு தனியார் ஆசுப்பத்திரி. பெயர் எழுதமாட்டேன், இப்போது அது இல்லை.

வைத்தியர் சிங்களவர். தமிழ் தெரிந்த ஒரு தாதி இடையில் நின்று கேட்டா. "வேற வருத்தம் இருக்கோ? மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதோ? உங்கட குடும்பத்தில ஆருக்கும் மயக்க மருந்து குடுத்துப் பிழையாப் போனதோ?"

அம்மா சொன்னா: "இல்லை. எங்கட பக்கம் எல்லாரும் சுகமான ஆக்கள்."

நான் அம்மாவைப் பார்த்தேன். சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, கொழும்பில் ஒரு சின்னச் சத்திரசிகிச்சைக்குப் போனவர் எழும்பவேயில்லை. கலியாணம் பேசிக்கொண்டிருந்த வயது. வீட்டில் அதை நெஞ்சு வருத்தம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் நான் எட்டு வயதில் கதவுக்குப் பின்னால் நின்று, ஊசி போட்ட பிறகு ஆள் அசையவேயில்லையாம் என்று பெரிய மாமா சொன்னதைக் கேட்டிருக்கிறேன். நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மாவின் கை என் தொடையில் வந்து அழுத்தியது. வாயை மூடிக்கொண்டேன். இருபத்து நான்கு வயது எனக்கு. வாயை மூடத் தேவையில்லாத வயது.

சாந்தினி உள்ளே போகும்போது தலைமயிரைக் கலைத்துப் பின்னிவிடச் சொன்னாள். "அக்கா, என்ர சீப்பை வேற ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதை," என்றாள். பேன் வந்துவிடும் என்று அவளுக்கு எப்போதும் பயம்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. வெட்டி, எடுத்து, தைத்துவிட்டார்கள். ஆனால் அவள் மூச்செடுக்கவில்லை. அங்கே மூச்சுக் கொடுக்கும் இயந்திரம் இல்லை. ஒரு பையை முகத்தில் வைத்து அமத்திக்கொண்டிருந்தார்கள். கதவின் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். ஒருவர் அமத்தினார், பிறகு இன்னொருவர், பிறகு முதலாமவர். வைத்தியர் கண்மடலைத் தூக்கிப் பார்த்தார். கையைத் தூக்கி விட்டார், கை விழுந்தது. இனி எழும்பமாட்டாள் என்று அவரே முடிவெடுத்தார். இருதயம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது என்று அந்தத் தமிழ்த் தாதி பிறகு அம்மாவிடம் சொல்லி அழுதா. பையை அமத்தியது ஒரு மணித்தியாலம்கூட இருக்காது.

இன்னும் கொஞ்ச மணித்தியாலம், அவ்வளவுதான். ஆள் மாற்றி ஆள் அமத்தியிருக்கலாம். என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் விடியும்வரை அமத்தியிருப்பேன். அப்பாவின் கடையில் மூடை தூக்குகிற ஆறு பேர் இருந்தார்கள். எல்லோரும் வந்திருப்பார்கள்.

மெட்டேயிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். "மயக்கம் தெளிந்து, தசை மட்டும் அசையாமல் கிடக்கும்போது, அவர்களுக்குக் கேட்குமா?" அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியாது," என்றாள். அவளுக்குத் தெரியும். கேட்கக்கூடும் என்று நானே பின்னர் வாசித்தேன். பையை எடுத்ததும் அம்மா உள்ளே ஓடிப்போய்ச் சாந்தினியின் காதுக்குள் ஒப்பாரி வைத்தா. அதை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

மரணப் பத்திரம் சிங்களத்தில் இருந்தது. இருதயம் நின்றுபோனது காரணம் என்று அப்பா வாசித்துச் சொன்னார். செத்தவர் எல்லோருக்கும் இருதயம் நிற்கும். அதை ஒரு காரணமென்று எழுதி, முத்திரை குத்திக் கையிலும் தந்தார்கள்.

பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்தோம். சாந்தினிக்கு அப்போது மாமா மகனைக் கலியாணம் பேசியிருந்தது. அவளுக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அது போதும் ஊருக்கு. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிவதற்கு முன்னமே கதை கட்டிவிட்டார்கள். "குடல்வாலாம். ஆருக்குச் சொல்லுகினம்? பெட்டை அலரி விதையை அரைச்சுக் குடிச்சிட்டுது." இதை அம்மா கிணற்றடியில் வைத்துக் கேட்டா. மறுக்கவில்லை. மறுத்தால் ஊசியைப்பற்றிச் சொல்லவேண்டிவரும். ஊசியைப்பற்றிச் சொன்னால் சின்ன மாமாவைப்பற்றிச் சொல்லவேண்டிவரும். பரம்பரை வருத்தம் உள்ள குடும்பம் என்று பெயர் வந்தால் எனக்கும் தம்பிக்கும் கலியாணம் நடக்காது. ஆகவே என் தங்கை நஞ்சு குடித்துச் செத்தவளாக ஊரில் இருந்துவிட்டாள். அவளுடைய பெயரை விற்றுத்தான் எனக்குக் கலியாணம் நடந்தது.

அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அவவை மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள்.

4

என் ரத்தத்தைச் சோதிக்கவேண்டும் என்று குடும்ப வைத்தியரிடம் போனேன். அபிரா ஒருமுறை கால் முறிந்து சத்திரசிகிச்சைக்குப் போனபோது, குடும்பத்தில் மயக்க மருந்துப் பிரச்சினை உண்டா என்று தாளில் கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டது நான். அம்மா செய்ததையே டேனிஷில் செய்தேன். அவள் தப்பியது யாருடைய கெட்டித்தனமும் இல்லை.

வைத்தியர் நல்ல மனிதர், அவசரக்காரர். நான் சாந்தினியின் கதையைச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் பேசிய மொழி அன்றைக்குக் காலை வாரியது. தொண்டை, ஊசி, பை என்று சொல்லிக்கொண்டு போனேன். அவர் கணினியில் தட்டிக்கொண்டே கேட்டார்: "உங்கள் தங்கை 'கிஃப்ட்'டா?"

அங்குள்ளவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். டேனிஷில் 'கிஃப்ட்' என்றால் கலியாணம் முடித்தவர். அதே 'கிஃப்ட்' என்றால் நஞ்சும். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. வந்த புதிதில் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்றைக்கு என் காதில் நஞ்சு மட்டும்தான் விழுந்தது.

நான் எழும்பி நின்றேன். "அவள் நஞ்சு குடிக்கவில்லை!" என்று கத்தினேன். "நீங்களும் அதையே கேட்கிறீர்களா? அவள் ஒன்றும் குடிக்கவில்லை. நீங்கள் கொடுத்த மருந்தில் செத்தவள்!"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். வைத்தியர் கணினியிலிருந்து கையை எடுத்தார். "பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சோதிக்கவேண்டும் என்றுதான் கேட்டேன்," என்றார். பிறகு நான் திரும்பக் கதிரையில் இருக்கும்வரை பொறுத்து, "இதை இதற்கு முன் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

முடிவு சில கிழமையில் வந்தது. எனக்கு அந்தப் பரம்பரையலகின் இரண்டு பிரதியில் ஒன்று பழுது. ஒன்று நல்லது, ஆகவே பெரிய ஆபத்து இல்லை. தம்பியும் சொந்தத்துக்குள்தான், பெரிய மாமாவின் மகளைத்தான் கட்டியிருக்கிறான். அவன் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தாலும் வந்திருக்கலாம். அவனுடைய மூத்த மகள் நிரோஜா இறுப்பிட்டியில் கலியாணம் முடித்து, அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

ஒரு கடிதம் வேண்டும், ஆங்கிலத்தில், இலங்கை வைத்தியர் வாசிக்கத்தக்கதாக. சோதனை செய்த ஆசுப்பத்திரியில் இருந்த எழுத்தர் பெண் கணினியைப் பார்த்தபடி, "கடிதம் யாருக்கு?" என்றா.

"என் தம்பியின் மகளுக்கு."

"அவருடைய ஆளடையாள எண்?"

"அவ இலங்கையில் இருக்கிறா."

"எண் இல்லாதவருக்கு நாங்கள் கடிதம் கொடுக்க முடியாது."

"எண் இல்லாதவருக்கும் ரத்தம் இருக்கிறது," என்றேன். அவ சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. மூன்று தரம் போனேன். மூன்று வேறு படிவம். கடைசியில் மெட்டே ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதித் தந்தாள். அதை எடுத்துக்கொண்டு போய் வைத்தியரின் மேசையில் வைத்தேன். அவர் வாசித்தார். எந்தப் படிவமும் கேட்காமல் கீழே ஒப்பமிட்டு முத்திரை குத்தினார்.

தமிழில் ஒரு பிரதி எழுத, அபிரா பக்கத்தில் இருந்து ஆங்கில மருத்துவச் சொற்களுக்கு அர்த்தம் பார்த்துச் சொன்னாள். அவள் தமிழ் வாசிக்கமாட்டாள், கதைப்பாள், அதுவும் பாதி. எழுதி முடிந்ததும் டேனிஷில் கேட்டாள்: "இருபத்தெட்டு வயது எனக்கு. எனக்கு ஒரு சித்தி இருந்தா என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். நான் உங்களைவிட்டுத் தூரமாய்ப் போய்விட்டேன் என்று எல்லோரிடமும் குறை சொல்கிறீர்கள். நான் எதற்குக் கிட்ட வரவேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

கோபத்தை இவ்வளவு நேரம் மற்றவர்கள்மேல் போட்டுக்கொண்டிருந்தேன். அது அன்றைக்குத் திரும்பி வந்தது.

5

தம்பிக்குக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுத் தொலைபேசி எடுத்தேன். அவன் வாசித்திருந்தான்.

"அக்கா, உங்கட எலிக் கதையை இஞ்ச கொண்டு வராதேங்கோ."

"எலிக் கதை இல்லையடா. சாந்தினின்ர கதை."

"சாந்தினி அக்காவுக்கு நெஞ்சு வருத்தம்."

"அவளுக்கு ஒரு நெஞ்சு வருத்தமும் இல்லை. சின்ன மாமாவுக்கும் இல்லை. கடதாசியைக் கொண்டுபோய்ப் பிள்ளையின்ர கிளினிக் கொப்பிக்குள்ள வை. வேறொண்டும் கேக்கேல்லை."

"அவளின்ர மாமியார் கொப்பியைப் பாக்கிறவ. என்ன நினைப்பா? ரத்தத்தில பழுது எண்டு தெரிஞ்சும் மறைச்சுக் கட்டித் தந்திட்டினம் எண்டு சொல்லமாட்டினமே? சின்னவளுக்கும் இப்ப பேசிக்கொண்டிருக்கிறம். உங்களுக்கென்ன, நீங்கள் அங்க இருக்கிறியள்."

"நிரோஜா செத்தால் என்ன சொல்லுவினம்? அதுக்கும் அலரி விதை எண்டு சொல்லுவியளோ?"

"வாயைக் கழுவுங்கோ அக்கா!"

வைத்துவிட்டான். அம்மாவின் கை அங்கேயும் இருந்தது. செத்த பிறகும் அந்தக் கை அழுத்துகிறது, தம்பியின் தொடையில்.

நிரோஜாவுக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. நாலாம் நாள் அவளே எடுத்தாள். காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"மாமி, இப்ப கதையுங்கோ. பஸ்ஸில கிளினிக்குக்குப் போறன். பாலம் தாண்டுறம், ஒருத்தருக்கும் கேளாது."

"அப்பா என்ன சொன்னவர்?"

"உங்களுக்குத் தலை பிழைச்சுப்போச்சு எண்டு சொன்னவர்." அவளே தொடர்ந்தாள். "தலை பிழைச்சிருந்தால் உங்கட குரல் இப்பிடி இருக்காது. சொல்லுங்கோ."

சொன்னேன். சின்ன மாமா, சாந்தினி, என் ரத்தம், எலிகள். கடைசியில், "எனக்கு இருக்குதோ இல்லையோ தெரியாது, என்ன?" என்றாள்.

"தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சொன்னால் அவை வேற மருந்து குடுப்பினம். சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து."

"கடதாசியை எனக்கு அனுப்புங்கோ மாமி. ஆர் பாத்தாலும் பாக்கட்டும். பெறப்போறது நான்தானே."

6

பிள்ளை நாள் வருவதற்கு முன்னமே வரப் பார்த்தது. இறுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன பிறகு பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கத் தொடங்கிவிட்டதாம். முதுகில் ஊசி போட நேரம் இல்லை, முழு மயக்கம் கொடுத்து உடனே வெட்டவேண்டும் என்றார்களாம். இதெல்லாம் நிரோஜா பிறகு எனக்குச் சொன்னது.

தள்ளுவண்டிலில் கொண்டு ஓடும்போது மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியர், ஒரு பெண், கேட்டாவாம்: "மயக்க மருந்தில ஆருக்கும் ஏதும் நடந்ததோ, உங்கட வீட்டில?" பக்கத்தில் தம்பி ஓடிக்கொண்டிருந்தான். அவன்தான் முந்திச் சொன்னான். "இல்லை டொக்டர், ஒருத்தருக்கும் இல்லை."

மகள் வலியில் துடிக்கிறாள், கடிதம் இருக்கிறது, அவனுக்குத் தெரியும். அப்படியிருந்தும் வாய் தானாக அந்தச் சொல்லைச் சொல்கிறது. இல்லை.

நிரோஜா வைத்தியரின் கையைப் பிடித்தாளாம். "ஓம் டொக்டர். ரெண்டு பேர் செத்தவை. கொப்பிக்குள்ள கடதாசி இருக்கு, பாருங்கோ." வைத்தியர் ஓடிக்கொண்டே வாசித்தா. தம்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாவாம். பிறகு உள்ளே கத்தி, வேறு மருந்து எடுக்கச் சொன்னா.

தாயும் பிள்ளையும் சுகம். பெண்பிள்ளை.

தம்பி அன்று பின்னேரம் எனக்கு எடுத்தான். நன்றி சொல்வான் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது? "பாத்தியளே," என்றான். "ஒண்டும் நடக்கேல்லை. தேவையில்லாமல் எல்லாரையும் பயப்படுத்திப்போட்டியள். சம்பந்தி வீட்டுக்காரர் என்னோட முகம் குடுத்துக் கதைக்கினமில்லை."

ஒன்றும் நடக்கவில்லை. அதற்காகத்தானடா மூன்று படிவம் நிரப்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னாலும் அவனுக்கு விளங்காது. நடக்காமல் போன சாவுக்கு எட்டுச் செலவு இல்லை, பந்தல் இல்லை. அது எவர் கண்ணுக்கும் தெரியாது.

7

பிள்ளை பெற்ற உடனே சோதித்தால் அந்த நொதியம் குறைவாகக் காட்டுமாம், ஆகவே மூன்று மாதம் கழித்து வரச்சொல்லி அந்த வைத்தியர் சொல்லியிருந்தா. வீட்டில் வேண்டாம் என்றார்கள். நிரோஜா புருசனைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெடியனைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். "எனக்கு அவ உயிரோட இருந்தால் போதும், ரத்தம் எப்பிடி இருந்தால் என்ன," என்று தாய்க்கு முன்னால் சொன்னவனாம். ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு போன மாதம் வந்தது. நொதியம் ஏறக்குறைய இல்லை. மெட்டேயின் வலப்பக்க அடுக்கு.

நிரோஜா அதை யாரையும் கேட்காமல் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், கொழும்பு, ஊர் எல்லாம் சேர்ந்த குழு. பிறந்தநாள் கேக்கும் கோயில் கொடியேற்றமும் மட்டும் வருகிற இடம். அதிலே ஆசுப்பத்திரிக் கடதாசியின் படம். கீழே தமிழில் எழுதியிருந்தாள்: இது எனக்கு இருக்கிறது. என் அப்பாவின் மாமாவும் சாந்தினி மாமியும் இதனால்தான் செத்தவர்கள். மாமி நஞ்சு குடிக்கவில்லை. உங்கள் பிள்ளைகளையும் சோதியுங்கள்.

மூன்று பேர் உடனே குழுவை விட்டு விலகினார்கள். லண்டனில் இருக்கிற ஒரு பெரியவர் என்னை எடுத்து, "நீர்தானே இதுக்கெல்லாம் காரணம்? குடும்ப மானத்தைச் சந்தியில விட்டிட்டீர்," என்றார். "ஓம், நான்தான்," என்றேன். சின்ன மாமா எழும்பாத அன்றைக்கு ஆசுப்பத்திரி விறாந்தையில் நின்றவர் அவர். எல்லாம் தெரிந்தவர். அவரோடு இனி எனக்குக் கதை இல்லை. தம்பியும் என்னோடு கதைப்பதில்லை.

நேற்றுப் பின்னேரம் பாரிஸிலிருந்து தேவி எடுத்தாள். பெரிய மாமாவின் இளைய மகள், எனக்கு மச்சாள். வருடத்தில் ஒருமுறைகூட எடுக்காதவள். அவளுடைய குரல் கேட்பதே கஷ்டமாக இருந்தது.

"மச்சாள், என்ர மகனுக்கு வியாழக்கிழமை முழங்காலில ஒப்பரேசன். நான் என்ன சொல்லவேணும் அங்க?"

"ஏன் குசுகுசுக்கிறாய்?"

"அவர் பக்கத்து அறையில நிக்கிறார். அவருக்கு எங்கட பக்கத்து விசயம் ஒண்டும் தெரியாது. அதுதான்..."

"பேனை இருக்கோ?"

"இருக்கு."

நொதியத்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஊசியின் பெயரைச் சொன்னேன். எவரெவர் செத்தார்கள், அவளுக்கு என்ன உறவுமுறை என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு, இடைக்கிடை மூக்கை உறிஞ்சினாள்.

"இப்ப நீ அங்க சொல்லப்போறதை எனக்குச் சொல்லிக் காட்டு," என்றேன்.

"எங்கட குடும்பத்தில..." என்று தொடங்கினாள். எறும்பு ஊர்கிற குரல்.

"கேக்கேல்லை."

"மச்சாள், அவர்..."

"எனக்குக் கேக்கேல்லையடி. கேக்காட்டில் டொக்டருக்கும் கேளாது. சத்தமாச் சொல்லு!"

தேவி, வாழ்க்கையிலேயே முதல்தரம் எனக்கு முன்னால், கத்திச் சொன்னாள்: "எங்கட குடும்பத்தில ரெண்டு பேர் மயக்க ஊசியில செத்தவை!"

அங்கே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "ஆர் செத்தது?" என்று ஓர் ஆண் குரல்.

தேவி தொலைபேசியை வைக்கவில்லை. "இஞ்ச வந்து இருங்கோ," என்று சொல்லிவிட்டு, சின்ன மாமாவிலிருந்து அவருக்குச் சொல்லத் தொடங்கினாள்.